படம் எடுத்தால் போதுமா?

நானுஓயா ரயில் நிலையத்திலிருந்து நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். வரைபடத்தில் பார்ப்பவருக்கு இது ஒரு தூரமே இல்லை. ஆனால் நோயாளி ரயில் நிலையத்தில் குடியிருப்பதில்லை. தோட்டத்தின் மேற்பிரிவிலுள்ள லயத்திலிருந்து படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையுமாக இறங்கி, தோட்ட ரோட்டுக்கு வந்து, ஓட்டோ கிடைத்தால் ஏறி, டவுனில் பஸ் பிடித்து, வைத்தியசாலையில் நம்பர் எடுத்து வரிசையில் உட்கார்ந்தால் ஒரு நாள் முடிந்துவிடும். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். ஸ்கேனுக்கு இன்னொரு திகதி கொடுத்தால் இன்னொரு பேரும் போகும். அதனால் வலி பொறுக்கக்கூடியதாக இருக்கும்வரை தோட்ட டிஸ்பென்சரியில் கொடுக்கும் மாத்திரையோடு சமாளிப்பதுதான் வழக்கம். அந்த டிஸ்பென்சரியில் இருப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர். காது, கை, அனுபவம் ஆகிய மூன்றையும் வைத்து அவர் தீர்மானிக்கிறார். உடம்புக்குள்ளே பார்க்கும் வழி அவரிடம் இல்லை. இந்த அத்தியாயம் அந்த வழியைப் பற்றியது. அதைத் திறக்கப் புதிய இயந்திரத்தைவிடப் பயிற்சி பெற்ற ஆளே முதலில் வேண்டும் என்பது என் வாதம்.

மலையகத்தில் இயந்திரமும் கட்டடமும் வராமல் இல்லை. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று 1872இலேயே காலனித்துவ அரசு சட்டம் இயற்றியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போனது. இத்தனை மாற்றங்களிலும் தோட்டத்து வைத்தியம் அரசாங்கத்துக்கும் நிருவாகத்துக்கும் நடுவில், யாருக்கும் முழுப் பொறுப்பில்லாமல், தொங்கிக்கொண்டே வந்தது. அண்மைக் காலத்தில் நிலைமை ஓரளவு மாறியது. 2017 மே மாதம் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலை திறக்கப்பட்டது. நுவரெலியாவிலும் நெதர்லாந்தின் உதவியுடன் பெரிய வைத்தியசாலை எழுந்தது. கட்டடம் கண்ணுக்குத் தெரியும், நாடா வெட்டலாம், பெயர்ப்பலகை வைக்கலாம். ஒரு தாதியோ வைத்தியரோ ஆறு மாதம் உட்கார்ந்து திரையைப் பார்க்கக் கற்றுக்கொண்டதைத் திறந்து வைக்க யாரும் வருவதில்லை. அதனால்தான் அந்தப் பகுதிக்குப் பணம் கடைசியாக வருகிறது, முதலில் வெட்டப்படுகிறது.

ஸ்கேன் இயந்திரம் படம் எடுக்கிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. வயிற்றுக்குப் பயன்படும் முனை நொடிக்கு ஏறத்தாழ 35 இலட்சம் முறை அதிர்கிறது. உடம்பின் மென்திசுவில் ஒலி நொடிக்கு 1,540 மீற்றர் ஓடுகிறது. இரண்டையும் வகுத்தால் அலைநீளம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. ஒரு திசு முடிந்து வேறொன்று தொடங்கும் இடத்தில் ஒலியின் ஒரு பங்கு திரும்பி வருகிறது. திரும்ப எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தையும், திரும்பிய பலத்தை வைத்து வெளிச்சத்தையும் கணினி தீர்மானிக்கிறது. எலும்பில் பட்டால் ஒலி அங்கேயே நின்றுவிடும், பின்னால் இருட்டு. காற்றில் பட்டால் மொத்தமும் சிதறிவிடும். தண்ணீரில் தங்குதடையின்றிப் போகும், திரையில் கறுப்பாகத் தெரியும். 1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவருடைய குழுவினரும் வயிற்றுக் கட்டிகளை ஒலியால் ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்டதிலிருந்து இன்றுவரை இயந்திரம் சுருங்கிச் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. ஆனால் முனையை எந்தக் கோணத்தில் சாய்ப்பது, எவ்வளவு அழுத்துவது, கண்ட கறுப்பு நீரா நிழலா என்று முடிவெடுப்பது எல்லாம் பிடித்திருக்கும் கையிடமே இருக்கின்றன. எக்ஸ்ரேயை ஒருவர் எடுத்து இன்னொருவர் பார்க்கலாம். ஸ்கேனில் எடுப்பவரே பார்ப்பவர், அவர் காணத் தவறியதைப் பின்னால் வரும் நிபுணரும் காண முடியாது.

கை தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நச்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தால் அது ஆபத்து. பிரசவ வலி எடுக்கும்போது கட்டுக்கடங்காமல் இரத்தம் போகும். அதைக் கண்டுபிடிக்க வயிற்று வழியாகப் பார்க்கும்போது சிறுநீர்ப்பை ஓரளவு நிரம்பியிருக்க வேண்டும், அந்த நீர் வழியாகத்தான் கருப்பையின் அடிப்பகுதி தெரியும். ஆனால் வரிசையில் இரண்டு மணித்தியாலம் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருந்த பெண்ணின் சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி உப்பிவிடும். அது கருப்பையின் கீழ்ப்பகுதியை முன்னும் பின்னுமாக அமுக்கி ஒட்ட வைக்கும். எங்கோ மேலே இருக்கும் நச்சுக்கொடி வாயை மூடியிருப்பதுபோலத் திரையில் தோன்றும். புதிதாகக் கற்றவர் பயந்துபோய்ச் சீட்டு எழுதி நுவரெலியாவுக்கு அனுப்பிவிடுவார். பழகியவர், போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வாம்மா என்று சொல்லித் திரும்பப் பார்ப்பார், ஐந்து நிமிடத்தில் அந்த ஆபத்து மறைந்துவிடும். இருபதாவது வாரத்தில் கீழே தெரியும் நச்சுக்கொடிகளில் மிகப் பெரும்பாலானவை, கருப்பை வளர வளர, பிரசவத்துக்குள் மேலே நகர்ந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் கடைசி மாதங்களில் இன்னொரு முறை பார்க்கத் திகதி கொடுப்பாரே ஒழிய, அன்றே அந்தக் குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுக்க மாட்டார். இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே இயந்திரம்.

நெஞ்சு எக்ஸ்ரேயும் அப்படித்தான். மூச்சை முழுக்க இழுத்துப் பிடிக்காமல் எடுத்த படத்தில் இருதயம் வீங்கியதுபோலவும் நுரையீரலின் அடி சளி கட்டியதுபோலவும் தெரியும். நோயாளி கொஞ்சம் திரும்பி நின்றிருந்தால் ஒரு பக்க நுரையீரல் மற்றதைவிடக் கறுத்துக் காட்டும். ஆகவே படத்தில் நோயைத் தேடுமுன் படத்தையே சோதிக்க வேண்டும். காறையெலும்புகளின் உள்முனை இரண்டும் முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா, உதரவிதானத்துக்கு மேலே முன்பக்க விலாவெலும்புகள் ஆறையாவது எண்ண முடிகிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். இருமிக்கொண்டும் மூச்சிரைத்துக்கொண்டும் வருபவர்கள் நிறைந்த குளிர்ப்பிரதேசத்தில் இந்த அரை நிமிடத்தைக் கற்றுக்கொடுப்பது புதிய எக்ஸ்ரே இயந்திரத்தைவிட மலிவானது.

இதை உலக சுகாதார நிறுவனம் எப்போதோ உணர்ந்திருந்தது. 1970களின் பிற்பகுதியில் சிறிய வைத்தியசாலைகளுக்கென்று அடிப்படைக் கதிர்ப்பட முறை ஒன்றை அது வகுத்தது. மின்சாரம் நிலையில்லாத இடத்திலும் மின்கலத்தால் ஓடும் கருவி அது. கதிர்க்குழலுக்கும் பிலிமுக்கும் இடைப்பட்ட தூரம் 140 சென்ரிமீற்றர் என்று நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. தூரத்தை மாற்ற முடியாதென்றால் அதில் தவறவும் முடியாது. கருவியோடு நிறுத்தாமல், படம் எடுப்பவருக்கும், நிபுணர் அருகில் இல்லாத பொது வைத்தியர் படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கும் கையேடுகள் எழுதப்பட்டன. இரண்டாவது கையேடு 1985இல் வந்தது. சாதாரணப் படத்தையும் நோய்ப் படத்தையும் அடுத்தடுத்து வைத்து, இதைக் கண்டால் இதைச் செய், இதைக் கண்டால் அனுப்பிவிடு என்று சொல்லும் நூல் அது. எல்லாவற்றையும் தெரிந்தவராக வைத்தியரை மாற்ற அது முயலவில்லை, குறித்த சில கேள்விகளுக்குத் தவறாமல் விடை சொல்லப் பழக்க முயன்றது. நானுஓயாவைப் போன்ற இடத்துக்கு இன்றும் பொருந்தும் கல்வித் தத்துவம் இதுவே என்று நினைக்கிறேன். கதிரியக்க நிபுணராக வர எம்.பி.பி.எஸ். முடித்துப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டும். பிரதேச வைத்தியசாலை ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருந்தால் இந்தத் தலைமுறை போய்விடும். பொருளாதார நெருக்கடி வந்த 2022க்குப் பிறகு நாட்டை விட்டுப் போன வைத்தியர்களை எண்ணிப் பார்த்தால் அந்த நம்பிக்கை இன்னும் மெலிந்துவிடும்.

அப்படியானால் எந்தக் கேள்விகள்? குழந்தையின் இருதயம் துடிக்கிறதா, ஒன்றா இரண்டா, எத்தனை வாரம், நச்சுக்கொடி எங்கே, கடைசியில் தலை கீழே இருக்கிறதா. அடிபட்டவரின் வயிற்றில் இரத்தம் தேங்கியிருக்கிறதா. மூச்சுத் திணறுபவரின் நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதா. இவை ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை அல்லது ஓர் எண் என்றுதான் விடை. அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி இத்தகைய ஒரு கேள்விக்குக் குறைந்தது 25 ஸ்கேன்களை மேற்பார்வையில் செய்திருக்க வேண்டும் என்று வரையறை வைத்திருக்கிறது. ருவாண்டாவின் கிராமப்புற வைத்தியசாலைகள் இரண்டில் பொது வைத்தியர்களுக்கு ஒன்பது வாரம் பயிற்சி கொடுத்து, முதல் 345 ஸ்கேன்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். அவற்றில் 43 வீதமானவற்றில் ஸ்கேன் சிகிச்சைத் திட்டத்தையே மாற்றியிருந்தது. நிபுணர்கள் பின்னர் படங்களைச் சரிபார்த்தபோது 96 வீதம் ஒத்துப்போனது. கேள்வி குறுகியதாக இருந்தால் விடை நம்பத்தக்கதாக இருக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் இதற்கு நேர் எதிரான சான்றும் உண்டு, அதை மறைத்துவிட்டு மேலே போவது நேர்மையாகாது. கொங்கோ, குவாத்தமாலா, கென்யா, பாகிஸ்தான், சாம்பியா ஆகிய ஐந்து நாடுகளில், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை உள்ளடக்கி, ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடந்து 2018இல் வெளியானது. தாதியருக்கும் மருத்துவ மாதுகளுக்கும் இரு வார வகுப்பும் தொடர்ந்து மேற்பார்வைக் காலமும் கொடுத்தார்கள். அவர்கள் எடுத்த படங்கள் மிகப் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. அதாவது பயிற்சி வென்றது. ஆனால் ஸ்கேன் நடந்த பகுதிகளில் தாய் இறப்பும் குழந்தை இறப்பும் குறையவில்லை. கிளினிக்குக்கு வருவோரின் தொகையும் கூடவில்லை. இதைக் காட்டி, பயிற்சியே வீண் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் வேறு விதமாக வாசிக்கிறேன். படம் ஆபத்தைக் காட்டும், அதை நீக்காது. கண்டதைச் சொல்லி அனுப்பிய பிறகு அந்தப் பெண் போகிறாளா, போன இடத்தில் இரத்தமும் சத்திரசிகிச்சையும் நேரத்துக்குக் கிடைக்கிறதா என்பதில்தான் உயிர் இருக்கிறது. அந்த நாடுகளின் பல பகுதிகளில் அறுபட்டிருந்தது அந்தக் கண்ணி.

இலங்கையில் அந்தக் கண்ணி பெருமளவுக்கு இருக்கிறது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார், கர்ப்பிணியைத் தொடக்கத்திலேயே பதிகிறார். பிரசவங்கள் ஏறத்தாழ எல்லாமே வைத்தியசாலையில் நடக்கின்றன. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது. ஐந்து நாடுகளின் ஆய்வில் இல்லாதது இங்கே இருக்கிறது, இங்கே இல்லாதது அங்கே கொடுக்கப்பட்ட பயிற்சி. அதனால் அந்த ஆய்வின் முடிவை அப்படியே தூக்கி நானுஓயாவில் வைக்க முடியாது.

இங்கே ஸ்கேனின் பயன் வேறோர் இடத்தில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப்புறத்தில் மட்டும் 32 வீதம். இந்தக் குறை பிறந்த பிறகு தொடங்குவதில்லை, பெரும்பாலும் வயிற்றுக்குள்ளேயே தொடங்குகிறது. எட்டாம் மாதத்தில் வயிறு சிறுத்திருக்கிறது என்று மருத்துவ மாது நாடாவால் அளந்து கண்டால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். பிள்ளை போதிய உணவின்றி வளராமல் இருக்கலாம், அல்லது நாள் கணக்கு தப்பியிருக்கலாம். முதலாவது ஆபத்து, இரண்டாவது வெறும் கணக்குப் பிழை. எது என்று பிரித்தறிய முதல் மூன்று மாதத்தில் பிள்ளையின் உச்சந்தலையிலிருந்து பிட்டம்வரை அளந்து வைத்திருக்க வேண்டும். அப்போது அளந்தால் ஐந்து முதல் ஏழு நாள் வித்தியாசத்துக்குள் வயது கிடைக்கும். கடைசி மூன்று மாதத்தில் அளந்தால் பிழை மூன்று வாரம்வரை போகும், அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. 24ஆவது வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேனாவது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்ததற்கு இது முக்கிய காரணம். வீட்டுக்கு வரும் உத்தியோகத்தர் ஏற்கெனவே ஆரம்ப வாரங்களில் பெண்ணைச் சந்திக்கிறார். அந்தச் சந்திப்புக்கும் டவுன் கிளினிக்குக்கும் நடுவில் ஓர் அளவீட்டைச் செருகினால் போதும். செலவு குறைந்த, பலன் நீண்ட காரியம் இது.

அரைகுறை அறிவு ஆளைக் கொல்லும் என்று நிபுணர்கள் எதிர்ப்பது நியாயமற்றதல்ல. காணாததைக் கண்டதாகச் சொல்வது ஒரு பிழை. ஸ்கேன் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவது அதைவிடப் பெரிய பிழை, ஏனென்றால் அந்த வார்த்தையை நம்பி நோயாளி திரும்பி வரமாட்டார். இலங்கையில் ஸ்கேனை வைத்தியர்களே செய்ய வேண்டும் என்ற வழக்கம் இறுக்கமாக நிற்பதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் சட்டமே உண்டு. பெண் சிசுவைக் கண்டு அழிப்பதைத் தடுக்க 1994இல் வந்த இந்தியச் சட்டத்தின் கீழ், 2014ஆம் ஆண்டு விதிகள் எம்.பி.பி.எஸ். வைத்தியருக்கும் ஆறு மாதப் பயிற்சியைக் கேட்கின்றன. ஆனால் இந்த எதிர்ப்புக்கு விடை பயிற்சியைத் தடுப்பது ஆகாது. தோட்ட டிஸ்பென்சரியில் இன்று நடப்பது ஸ்கேன் இல்லாத ஊகம். அதைவிட எல்லை தெரிந்த ஸ்கேன் பாதுகாப்பானது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பதிவு, படத்தின் பிரதி, கேட்ட கேள்வி, சொன்ன விடை ஆகியவை இருக்க வேண்டும். ‘என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்று எழுதுவதற்கு அறிக்கையிலேயே ஓர் இடம் இருக்க வேண்டும். அப்படி எழுதுபவரைப் பாராட்டும் பழக்கமும் வேண்டும்.

கற்றல் நின்றுவிடுவது வகுப்பு முடிந்த பிறகுதான். நுவரெலியாவுக்கு அனுப்பிய நோயாளிக்கு என்ன ஆனது என்பது அனுப்பியவருக்குத் திரும்பி வருவதில்லை. நீர் கோத்திருக்கிறது என்று எழுதினார், அங்கே ஊசி போட்டபோது நீர் வந்ததா? தெரியாது. விடைத்தாளைத் திருத்திக் கொடுக்காமல் வருடக்கணக்கில் பரீட்சை எழுதச் சொல்வது போன்றது இது. இரண்டாண்டில் அவர் தன் பிழைகளிலேயே தேர்ந்தவராகிவிடுவார். இதைச் சரிசெய்யப் பெரும் பணம் தேவையில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடம் கதிர்ப்படவியலில் பட்டம் வழங்குகிறது. மாவட்ட வைத்தியசாலையில் நிபுணர்கள் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் படத்தை அனுப்ப ஒரு நிமிடம் ஆகும். வாரத்துக்கு ஒரு மணித்தியாலம், அனுப்பப்பட்ட பத்துப் படங்களை எடுத்து, முடிவையும் சேர்த்துப் பேசினால் அதுவே பள்ளிக்கூடம். அந்த ஒரு மணித்தியாலத்தை நிபுணரின் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். நல்ல மனத்தை நம்பி நடத்தினால் மூன்று மாதத்தில் நின்றுவிடும்.

இனி இயந்திரமே படத்தைப் பார்த்துவிடுமே, மனிதருக்கு ஏன் பயிற்சி என்றும் கேட்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் காசநோயைத் தேடும்போது நெஞ்சுப் படத்தை மனிதருக்குப் பதில் மென்பொருள் வாசிக்கலாம் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. முன் அனுபவமே இல்லாதவர் வயிற்றின் மேல் குறித்த கோடுகளில் முனையை இழுத்துச் சென்றால் மென்பொருள் கர்ப்பத்தின் வயதைக் கணிக்கும் முறை சாம்பியாவிலும் அமெரிக்காவின் வட கரோலினாவிலும் சோதிக்கப்பட்டு 2022இலும் 2024இலும் முடிவுகள் வந்தன. நிபுணரின் அளவீட்டுக்கு ஏறத்தாழ இணையாக இருந்தது. இது நானுஓயாவுக்கு வர வேண்டும், விரைவாக வர வேண்டும். ஆனால் மென்பொருள் ஓர் எண்ணைத் தரும். யாரிடம் முனையை வைப்பது என்பதை அது தீர்மானிக்காது. ‘சந்தேகம்’ என்று அது சொன்ன பிறகு சளி எடுக்கச் சொல்வதும், பயந்து நிற்பவரிடம் பேசுவதும், எண்ணும் ஆளின் நிலைமையும் ஒத்துப்போகாதபோது எண்ணைச் சந்தேகிப்பதும் ஒருவர் செய்ய வேண்டிய வேலை. படம் பார்க்கத் தெரியாதவரால் மென்பொருளின் பிழையைப் பிடிக்க முடியாது.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல வீதியில் மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்களை நுவரெலியா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். இப்படி ஒரே நேரத்தில் பலர் வந்து குவியும்போது, யாருக்கு வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்று இரண்டு நிமிடத்தில் முனையை வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் கடமையில் இருக்கிறார்கள் என்பது பெரிய விடயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவுகளால் மலையக வீதிகள் துண்டிக்கப்பட்டன. அந்த நாட்களில் எட்டுக் கிலோமீற்றர் எண்பதைவிட நீண்டது. பெரிய வைத்தியசாலை பக்கத்தில்தானே இருக்கிறது என்ற வாதம் மழை பெய்யாத நாளுக்கு மட்டும் பொருந்தும்.

யாரைப் பயிற்றுவிப்பது என்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வைத்தியர்கள் இடமாற்றத்தில் போய்விடுவார்கள். பயிற்சி பெற்றவர் போனால் கருவி உறை போர்த்தப்பட்டு மூலையில் கிடக்கும். ஆகவே வைத்தியரோடு கூடவே, அந்தப் பிரதேசத்திலேயே நிலைத்திருக்கும் தாதியரையும் மருத்துவ மாதுகளையும் தோட்ட வைத்திய உதவியாளர்களையும் சேர்க்க வேண்டும். அவர்களில் தமிழ் பேசுபவர்கள் போதிய அளவு இருக்க வேண்டும். கடைசி மாதவிடாய் எப்போது, வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது, இரவிலா பகலிலா என்று கேட்டு விளங்கிக்கொள்ளாமல் வைக்கப்படும் முனை குருட்டு முனை. கொழுந்து மடுவத்துக்கருகில் நிற்கும் பெண்ணிடம் ‘தலைப்பிள்ளை நின்றபோது என்ன நடந்தது’ என்று அவள் பேசும் தமிழில் கேட்டால் பாதி ரிப்போட் அங்கேயே கிடைத்துவிடும். மலையகத் தமிழ் இளைஞர்கள் க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு படித்துவிட்டு வேலை தேடி நிற்கிறார்கள். கதிர்ப்படப் பயிற்சிக்கும் தாதியர் பயிற்சிக்கும் அவர்களை எடுத்தால் இடமாற்றச் சிக்கலும் மொழிச் சிக்கலும் சேர்ந்தே குறையும். தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை இருக்கும்வரை அந்த வரிசையும் குட்டையாகவே இருக்கும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வைத்தியப் பயிற்சி வைத்தியசாலைக்கு வெளியே, பத்தாம் வகுப்பிலேயே தொடங்குகிறது.

மத்திய மாகாண சுகாதாரத் திணைக்களமும், தோட்டக் கம்பனிகளும், உதவி தரும் வெளிநாட்டுத் தூதரகங்களும் மலையகத்துக்கு அடுத்த ஸ்கேன் இயந்திரத்தை வாங்க விலைமனுக் கோரும்போது, அதை இயக்கப்போகும் இருவரின் ஓராண்டுப் பயிற்சிச் செலவையும், அவர்களுடைய படங்களை வாராவாரம் பார்த்துப் பதில் சொல்லப்போகும் நிபுணரின் நேரத்தையும் அதே பத்திரத்தில் எழுத வேண்டும். எழுதாத பத்திரத்தில் யாரும் கையெழுத்து வைக்கக் கூடாது.